முதலாளி கோயிலுக்குப் போயிருக்காங்க

பிரிக்பீல்ட்ஸில் தம்புசாமி கேட்டரிங் கடையின் மாடியில், மின்விசிறிக்கு நேர் கீழே கிடக்கும் நாற்காலியில் சீதாலெட்சுமி உட்கார்ந்து இருபத்து மூன்று வருடம் ஆகிறது. அதற்குள் சுவருக்கு மூன்று முறை சாயம் மாறிவிட்டது. வாசலுக்கு எதிரே மோனோரயில் வந்து, அதுவும் பழசாகிவிட்டது. முதலாளி தம்புசாமிக்கு முன்வழுக்கை பின்வழுக்கையோடு சேர்ந்துவிட்டது. சீதாலெட்சுமி மட்டும் தினமும் காலை எட்டரைக்குப் பந்தாய் டாலாமிலிருந்து ரயிலேறி வந்து, மேசையைத் துடைத்து, தொலைபேசிக்கு ஒரு பூ வைத்து, வேலையை ஆரம்பிக்கிறாள். வேலை என்னவென்றால், அந்தத் தொலைபேசியை எடுப்பது.

இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். கல்யாணத்துக்கும் வளைகாப்புக்கும் பதினாறாம் நாளுக்கும் சாப்பாடு சொல்லக் கூப்பிடும் நம் ஆட்கள் சாமானியப்பட்டவர்கள் இல்லை. வாட்சப்பில் சொன்னால் சாம்பாரில் உப்பு இறங்காது என்று நம்புகிறவர்கள். எடுத்த எடுப்பில் தங்களைத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள். சேர்ந்த முதல் வாரத்தில் சீதாலெட்சுமி அறியாமல் ஒருவரிடம் "யாருங்க பேசறது?" என்று கேட்டுவிட்டாள். "பதினஞ்சு வருஷமா ஒங்க கடையில சாப்புடுறேன், என்னைப் பாத்து யாருன்னா கேக்குற?" என்று சொல்லி வைத்தவர், மகள் கல்யாணத்துக்கு ஆயிரத்து இருநூறு இலையை வேறு கடைக்குக் கொடுத்துவிட்டார். அன்று தம்புசாமி சாப்பிடவே இல்லை. சீதாலெட்சுமியும் சாப்பிடவில்லை, ஆனால் அவள் அழுததால் சாப்பிடவில்லை.

மறுநாள் மளிகைக் கடையில் ஒரு 555 புத்தகம் வாங்கினாள். சட்டைப் பைக்குள் அடங்கும் சின்ன நோட்டுத்தான். கூப்பிடுகிறவர் எண் தொலைபேசித் திரையில் தெரிகிறதல்லவா, அதன் கடைசி நான்கு எண்ணை எழுதி, பக்கத்தில் ஆளை எழுதினாள். '7731 ராஜன் அண்ணே, கிள்ளான். உப்பு குறைவு. தம்பியைப் பற்றிக் கேட்கக்கூடாது.' '0462 தாமரை அக்கா, பூச்சோங். பேரனுக்குக் காது குத்து. அழுவார், பொறுத்துக்கொள்ளவும்.' இப்படி இதுவரை முப்பத்தொரு புத்தகம் ஆகியிருக்கிறது. பாதிக்கு மேல் மனப்பாடம். மணி அடிக்கும், திரையைப் பார்ப்பாள், அந்தப் பக்கம் வாய் திறப்பதற்குள் "சொல்லுங்க ராஜன் அண்ணே, முதுகு வலி தேவலையா?" என்று கேட்டுவிடுவாள். புதிய எண்ணாக இருந்தால்கூட யார் என்று கேட்கமாட்டாள். "எந்த வீட்டு விசேஷம்ங்க?" என்பாள். கேட்ட மாதிரியும் இருக்கும், கேட்காத மாதிரியும் இருக்கும்.

ஆக, சீதாலெட்சுமிக்குக் காது முக்கியமில்லை, கண்தான் முக்கியம். குரலை வைத்து யாரையும் அவளுக்கு அடையாளம் தெரியாது. துறைமுகத்தில் லோரி ஓட்டும் கணவர் ஒருமுறை நண்பர் போனிலிருந்து கூப்பிட்டபோது, அவரிடமே எந்த வீட்டு விசேஷம் என்று கேட்டவள் அவள். அவரும் சாப்பாடு விலையை விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு கல்யாணம். தம்புசாமியின் மகன் தனேஷ், கிள்ளானில் மணமேடை அலங்காரம் செய்யும் லோகன் என்பவரின் மகள் விஷ்ணுப்ரியாவைக் கட்டினான். இந்தப் பக்கம் சாப்பாடு, அந்தப் பக்கம் மேடை. இரண்டையும் சேர்த்து ஒரே தொழிலாக நடத்தலாம் என்று முடிவானது. எல்லாவற்றுக்கும் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள், ஒன்றே ஒன்றைத் தவிர. புதுப் பெயர்ப்பலகையில் யார் பெயர் முதலில் வருவது?

தம்புசாமிக்குத் தன் பெயர்தான் முன்னால் வரவேண்டும். ஆனால் பெண் கொடுத்த சம்பந்தியிடம் அதை எப்படிச் சொல்வது? லோகன் தன் பெயரைத்தான் முன்னால் கேட்பார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கேட்டுவிட்டால் மறுக்க முடியாது. ஆகவே கேட்கவிடக் கூடாது என்று தீர்மானித்தார். விசேஷ வீட்டில் எதிர்ப்பட்டால் பயமில்லை, சபையில் யாரும் தொழில் பேசமாட்டார்கள். சம்பந்திகளுக்குள் இருக்கும் பேச்சை மகளிடம் சொல்லி அனுப்புவது கௌரவக் குறைச்சல், அதை லோகன் செய்யமாட்டார். தன் கைப்பேசியை அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்துவிடலாம். மிஞ்சியது கடைத் தொலைபேசி ஒன்றுதான்.

அதற்கு அவர் சீதாலெட்சுமியிடம் ஓர் உத்தரவு போட்டார். சம்பந்தியிடம் வேலையாக இருக்கிறார் என்று சொன்னால் மரியாதைக் குறைவு. தூங்குகிறார் என்றால் கேவலம். கோயிலுக்குப் போயிருக்கிறார் என்று சொன்னால் மட்டும் எந்தச் சம்பந்தியும் குறை சொல்ல முடியாது. ஆகவே கிள்ளானிலிருந்து லோகனின் எண் வந்தால் அந்த ஒரே பதில். அதுவும் அவர் வாயைத் திறப்பதற்குள் சொல்லி வைத்துவிட வேண்டும், ஏனென்றால் லோகன் வாய் திறந்தால் மூட ஒரு மணி நேரம் ஆகும் என்று ஊரே சொல்லும். தனேஷ் திரையில் அந்த ஓர் எண்ணுக்கு மட்டும் 'சம்பந்தி' என்று பெயர் வரும்படி செய்து கொடுத்தான். எதற்கு என்று அவனுக்குச் சொல்லவில்லை.

சீதாலெட்சுமி சொன்னதைச் செய்கிறவள். திரையில் சம்பந்தி என்று வந்ததும் எடுப்பாள், "வணக்கம் சம்பந்தி, முதலாளி கோயிலுக்குப் போயிருக்காங்க, வந்ததும் சொல்றேன்" என்று ஒரே மூச்சில் சொல்லி வைப்பாள். ஐந்து மாதம் இப்படியே போனது. லோகனின் குரல் கட்டையா கீச்சா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

ஆறாவது மாதம் விஷ்ணுப்ரியா தொழிலைக் கையில் எடுத்தாள். இருபத்தொன்பது வயது, படித்த பெண், குரலை உயர்த்தாமலேயே எல்லாரையும் பயப்பட வைப்பவள். கிள்ளானில் இருப்பது இன்டர்நெட் தொலைபேசி, பிரிக்பீல்ட்ஸில் இருப்பது சுவரில் மாட்டிய பழைய பெட்டி. இரண்டையும் இணைக்க வேண்டும், கிள்ளானில் சாப்பாட்டுக்கென்று வரும் அழைப்பெல்லாம் நேராகச் சீதாலெட்சுமியிடம் போய்ச் சேர வேண்டும் என்றாள். பூச்சோங்கிலிருந்து குகன் வந்தார். நாற்பத்தைந்து வயது, தொலைபேசிப் பெட்டிகளைத் தவிர வேறெதிலும் அக்கறை இல்லாத மனிதர். அரை நாளில் இணைத்துவிட்டு, முடிஞ்சது அக்கா, இனி கிள்ளானும் பிரிக்பீல்ட்ஸும் ஒரே வீடு என்று சொல்லிவிட்டுப் போனார். கிள்ளான் வாடிக்கையாளர்கள் அழைப்பும் இனி இங்கே வரும் என்பதை அவளிடம் யாரும் தனியாகச் சொல்லவில்லை. குகன் சொன்னதாக விஷ்ணுப்ரியா நினைத்தாள், விஷ்ணுப்ரியா சொன்னதாகக் குகன் நினைத்தார்.

குகன் செய்தது வெறும் திருப்பிவிடும் ஏற்பாடு. சாப்பாட்டுக்காக யார் கிள்ளானுக்குக் கூப்பிட்டாலும், கிள்ளான் பெட்டி அதை வாங்கி, தன் எண்ணைப் போட்டு இங்கே அனுப்பியது. ஆகவே மறுநாள் காலை முதல் சீதாலெட்சுமியின் திரையில் சம்பந்தி, சம்பந்தி, சம்பந்தி என்று வரிசையாக வந்தது.

அவளுக்குப் பாவமாக இருந்தது. இந்த மனிதருக்கு வேறு வேலையே இல்லையா, இப்படியா ஒருத்தர் தவியாய்த் தவிப்பார் என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொரு முறையும் வணக்கம் சொல்லி, முதலாளியைக் கோயிலுக்கு அனுப்பி வைத்தாள். சாயங்காலம் முதலாளியிடம் கணக்குச் சொன்னாள்.

"சம்பந்தி இன்னைக்கு முப்பத்தெட்டு தடவ கூப்புட்டாங்க மொதலாளி."

தம்புசாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. அன்றிலிருந்து பின்வாசல் வழியாக வந்து போகத் தொடங்கினார்.

கிள்ளானில் நடந்தது வேறு. இடியாப்பம் எத்தனை என்று கேட்கக் கூப்பிட்டவர்களை எல்லாம் யாரோ ஒரு பெண் சம்பந்தி என்று அழைத்து, முதலாளி கோயிலில் இருப்பதாகச் சொல்லி வைத்தாள். காலையில் கூப்பிட்டாலும் கோயில், மத்தியானம் நடை சாத்திய பிறகு கூப்பிட்டாலும் கோயில். பத்து நாளில் தம்புசாமி சாமியாராகப் போகிறார் என்று கிள்ளானில் பேச்சு கிளம்பி, ரயிலேறிப் பிரிக்பீல்ட்ஸுக்கே திரும்பி வந்தது. பக்கத்துத் தெருக் கோயிலின் ஆட்கள் நான்கு பேர் மாலையோடு மாடியேறினார்கள். இவ்வளவு பக்தியை இத்தனை நாள் மறைத்து வைத்திருக்கிறீர்களே என்று மனம் உருகி, இந்த வருடத் திருவிழாக் குழுவுக்கு அவரைத் தலைவராகப் போட்டுவிட்டார்கள். தம்புசாமி மறுக்கத்தான் பார்த்தார். அவர் வாயில் அப்போது வடை இருந்தது. மெல்லுவதற்குள் மாலை விழுந்துவிட்டது.

குட்டு உடைந்தது பந்திங்கிலிருந்து வந்த இராஜம்மாவால்தான். முப்பத்தெட்டு வயது மகனுக்கு எட்டு வருடமாகப் பெண் தேடி அலுத்துப் போயிருந்த அம்மா அவர். மகன் பிறந்தநாளுக்கு அன்னதானம் கொடுக்கலாம் என்று கிள்ளான் எண்ணுக்குக் கூப்பிட்டார். வணக்கம் சம்பந்தி என்றது குரல். மறுபடி கூப்பிட்டார், மறுபடியும் சம்பந்தி. மூன்றாம் முறையும் அதே. மூன்று தரம் சொன்ன பிறகும் அதைச் சாமி வாக்கு இல்லை என்று சொல்ல அவர் என்ன நாத்திகரா? முகவரியை விசாரித்து, ஐந்து பழத்தட்டோடும் கணவரோடும் மகனோடும் வேன் பிடித்து வந்து இறங்கி, பெண்ணைக் கூப்பிடுங்க சம்பந்தி என்று நடுக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். கடையில் கல்யாணம் ஆகாத பெண் என்று யாரும் கிடையாது, மாவரைக்கும் இயந்திரத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால். மகன் புதுச்சட்டையில் வியர்த்துக்கொண்டு சுவர்க்கடிகாரத்தையே பார்த்தான். வேறு வழியில்லாமல் சமையல்காரர்கள் எல்லாருக்கும் வாழைப்பழத்தைப் பகிர்ந்து கொடுத்தார்கள்.

விஷ்ணுப்ரியா அன்று மாலையே வந்தாள். நடந்ததைக் கேட்டாள். தன் அப்பாவின் எண் எப்படி எல்லார் அழைப்பிலும் வந்தது என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அப்பா கூப்பிட்டால் மாமா ஏன் எப்போதும் கோயிலில் இருக்கிறார் என்பதுதான் புரியவில்லை. அதைக் கேட்கலாமா என்று தம்புசாமியைப் பார்த்தாள், அவர் மேற்கூரையைப் பார்த்தார். கேட்காமல் விட்டாள். ஆனால் சீதாலெட்சுமியிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள். இயந்திரத்தில் தன் குரலையே பதிவு செய்து வைத்திருக்கிறாளாம். தமிழுக்கு ஒன்றை அழுத்தவும், சைவத்துக்கு இரண்டை அழுத்தவும். அதைப் போட்டுவிட்டால் இந்தக் குழப்பமே வராது. ஆன்டி கீழே ஸ்டோரில் தட்டு எண்ணலாம், அங்கே குளுகுளு வசதிகூட இருக்கிறது.

சீதாலெட்சுமிக்குக் குளுகுளு வேண்டியதில்லை. அன்று ரயிலில் பந்தாய் டாலாம் வரைக்கும் அழுதுகொண்டே போனாள். தட்டு எண்ணுவது ஒன்றும் தாழ்ந்த வேலை இல்லை. ஆனால் தட்டுக்கு முதுகு வலி கிடையாது, பேரன் கிடையாது. தட்டைப் பார்த்து அவள் என்ன விசாரிப்பாள்? முப்பத்தொரு புத்தகத்தையும் எங்கே கொண்டு போய்ப் போடுவாள்?

மறுநாள் அவளே குகனைக் கூப்பிட்டாள். ஒருத்தரை இன்னொருத்தர் மாதிரி காட்டுகிற தொலைபேசி எதற்கு என்று கேட்டாள். குகன் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, விஷ்ணுப்ரியாவுக்கும் அவளுக்குமாகச் சேர்த்து விளக்கினார்.

"கல்யாணம் ஆனா பொண்ணோட இனிஷியல மாத்துறாங்க இல்ல அக்கா, அந்த மாதிரிதான். கால் கிள்ளான்லேர்ந்து பொறப்படும்போது கிள்ளான் பெட்டி தன்னோட இனிஷியல போட்டு அனுப்புது. நமக்கு அப்பா வீட்டு இனிஷியலோடயே வரணும்."

"நான் இன்னும் எங்கப்பா இனிஷியல்தான் வெச்சிருக்கேன்," என்றாள் விஷ்ணுப்ரியா.

"அப்ப முடியும்லா," என்றார் குகன், அது ஏதோ தொழில்நுட்ப ஆதாரம் போல.

இரண்டு பெட்டிக்கும் நடுவே இன்டர்நெட் வழியாகத் தனி லைன் ஒன்று போட்டார். அந்த வழியில் வந்தால் கிள்ளான் பெட்டி தன் எண்ணை ஒட்டாது, கூப்பிட்டவர் எண்ணை அப்படியே கைமாற்றிக் கொடுக்கும். புதன்கிழமை முதல் எண்கள் வரத் தொடங்கின. கிள்ளானில் மேடை சொல்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே இவளிடம் சாப்பாடு சொன்னவர்கள், புத்தகத்தில் இருப்பவர்கள். சீதாலெட்சுமி சாமிக்குச் சூடம் காட்டினாள். கொஞ்சம் சீக்கிரம் காட்டிவிட்டாள்.

கிள்ளானிலிருந்து வரும் எண்ணுக்கு முன்னால் நாட்டுக் குறியீட்டின் ஆறு சேர்ந்து வந்தது. பழைய தொலைபேசியின் திரையில் பத்து எண்ணுக்குத்தான் இடம். முன்னால் ஒன்று ஏறினால் பின்னால் ஒன்று விழத்தானே வேண்டும்? சீதாலெட்சுமியின் உலகமே கடைசி நான்கு எண்ணில் நிற்கிறது, அதில் ஒன்று போய்விட்டது. மூன்றை வைத்துக்கொண்டு ஊகித்தாள். 7731 ராஜன் அண்ணனும் 7738 பிரவினும் ஒன்றாகத் தெரிந்தார்கள். பிரவின் மகனுக்குப் பெண் நிச்சயமாகி இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். ராஜனின் மாமியார் இறந்து போனது தெரியாது.

"வாழ்த்துகள்ங்க," என்றாள் எடுத்தவுடன். "எத்தன நாளா காத்துக்கிட்டு இருந்தீங்க, ஒரு வழியா நல்லபடியா முடிஞ்சது."

மறுமுனையில் ராஜன் குரலைத் தாழ்த்தினார். "ரொம்ப நாள்லாம் இல்ல தங்கச்சி, ஒரு மூணு வருஷமாத்தான்," என்றார். "வீட்டுல சொல்லிறாதம்மா. பதினாறாம் நாளுக்கு எரநூறு பேரு."

அவருக்குக் கோபம் இல்லை. ஆனால் ராஜனின் மனைவி பக்கத்தில்தான் இருந்தார், அவருக்கு இருந்தது. புகார் விஷ்ணுப்ரியாவுக்குப் போனது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. சீதாலெட்சுமியின் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வெள்ளிக்கெழம நான் இங்கயே ஒக்காந்திருப்பேன் ஆன்டி. கிள்ளான்லேர்ந்து மொத பத்து கால். ஸ்பீக்கர்ல போட்டு பேசுங்க. பத்தும் சரியா இருந்தா இந்த நாற்காலி ஒங்களோடது. ஒன்னு தப்புனாலும் மிஷின் பேசட்டும், ஓகே?"

வியாழக்கிழமை முழுக்கக் குகன் அந்த ஆறோடு மல்லுக்கட்டினார். கிள்ளானுக்குப் போய் அங்கே வெட்டிப் பார்த்தார். ஆறோடு சேர்ந்து அடுத்த பூஜ்யமும் போனது. பூஜ்யத்தைத் திருப்பிப் போட்டார், இரண்டாக வந்தது. ஒரு கட்டத்தில் சோதனைக்காகத் தன் கைப்பேசி எண்ணைப் போட்டுவிட்டு எடுக்க மறந்துபோக, அன்று மாலை ஒரு மணி நேரம் கிள்ளான் மக்கள் எல்லாரையும் சீதாலெட்சுமி "சாப்ட்டியா குகன் தம்பி?" என்று கேட்டாள். நல்லவேளை, சாப்பாட்டுக் கடையில் அப்படிக் கேட்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏழு மணிக்கு ஒரே ஒரு பூஜ்யத்தோடு எண் முழுசாக வந்து நின்றது. குகன் கிள்ளானிலிருந்து கூப்பிட்டு, அக்கா, இனி யார் கூப்பிட்டாலும் அவரவர் எண்ணே வரும், எல்லாருக்கும், ஒருத்தர் விடாமல் என்றார். அந்தக் கடைசி வார்த்தையை அவர் ஒரு பெருமைக்காகத்தான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை சீதாலெட்சுமி கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். தொலைபேசிக்கு ஒரு பூவுக்குப் பதில் ஒரு முழம் வைத்தாள். எதிரே விஷ்ணுப்ரியா, கையில் பேனா. பக்கத்து மேசையில் தம்புசாமி. சர்க்கரை இருப்பதால் எண்ணெய்ப் பலகாரம் ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார், அதனால் கவலையான நாட்களில் மட்டும் சாப்பிடுவார். அன்று தட்டில் நான்கு வடை இருந்தது.

முதல் அழைப்பு 7731. "ராஜன் அண்ணே, அன்னைக்கு நான் பேசுனது தப்பு, அக்காகிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க. எரநூறு எலை, உப்பு கம்மி, சரிங்களா?" விஷ்ணுப்ரியா ஒரு கோடு போட்டாள். இரண்டாவது, தைப்பிங்குக்கு மாறிப் போன ஒரு வாத்தியார். மூன்றாவது, எப்போதும் அழைப்பதும் உடனே வைப்பதுமாக இருக்கும் ஒருவர், அவர் வைப்பதற்குள் பெயரைச் சொல்லிப் பிடித்துவிட்டாள். நான்காவது பந்திங் இராஜம்மா, பழத்தட்டோடு வந்த அன்றே எண்ணைக் குறித்து வைத்திருந்தாள். மகனுக்கு நிஜமாகவே பெண் அமைந்துவிட்டதாம், வேனில் திரும்பிப் போகும் வழியில் டிரைவர் சொன்ன இடமாம், எல்லாம் உன் வாய் முகூர்த்தம்தான் என்றார். சீதாலெட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. விஷ்ணுப்ரியாவும் பேனாவைக் கொஞ்ச நேரம் கீழே வைத்தாள். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. எல்லாம் கோடு.

பத்தாவது மணி அடித்தது. சீதாலெட்சுமி திரையைப் பார்த்தாள். அங்கே மூன்றே மூன்று எண். 204.

இப்படி ஓர் எண் முப்பத்தொரு புத்தகத்திலும் கிடையாது. அது கிள்ளான் அலுவலகத்தில் லோகனின் சொந்த மேசை எண். இதுவரை அவர் கூப்பிட்டால் அலுவலகப் பொது எண்தான் வரும், திரையில் சம்பந்தி என்று காட்டும். குகன் ஒருத்தர் விடாமல் எல்லாருக்கும் அவரவர் எண்ணைக் கொடுத்ததில் அவருக்கும் கிடைத்துவிட்டது. விஷ்ணுப்ரியாவுக்கு மட்டும் அது யார் என்று தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை.

"வணக்கம், எந்த வீட்டு விசேஷம்ங்க?" என்றாள் சீதாலெட்சுமி.

"விசேஷம்லாம் முடிஞ்சு ஏழு மாசம் ஆச்சு," என்றது ஸ்பீக்கரில் ஒரு கட்டைக் குரல். "தம்புசாமி இருக்காரா?"

தம்புசாமிக்கு அந்தக் குரல் தெரியும். வாயில் வடை, அதனால் இரண்டு கையையும் வேகமாக ஆட்டினார். இல்லை என்று சொல், இல்லை என்று சொல். சீதாலெட்சுமி அதைப் பார்த்தாள். சட்னி தீர்ந்துவிட்டது போல என்று நினைத்து, தன் தட்டிலிருந்த கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். முதலாளி இல்லை என்று சொல்லச் சொன்னது சம்பந்திக்கு மட்டும். இவர் சம்பந்தி இல்லை, திரையில் அப்படி வரவில்லை. வாடிக்கையாளரிடம் அவள் என்றைக்கும் பொய் சொன்னதில்லை.

"இருக்காங்களே. வடை சாப்புட்டுக்கிட்டு இருக்காங்க."

"கோயிலுக்குப் போகலையா?"

"இல்லைங்க, காலையிலேர்ந்து இங்கதான். மூணாவது வடை. குடுக்கட்டுங்களா?"

தொலைபேசி ஸ்பீக்கரோடேயே தம்புசாமி கைக்குப் போனது. எண்ணெய் வழிந்த கை. வடையை அப்படியே விழுங்கிவிட்டு, இப்போதுதான் கோயிலிலிருந்து வந்து உட்கார்ந்தேன் சம்பந்தி என்று ஆரம்பித்தார். லோகன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"ஏழு மாசமா ஒரே ஒரு விஷயம் சொல்லத்தான் கூப்புடுறேன் சம்பந்தி. போர்டுல ஒங்க பேர முன்னால போட்டுக்குங்க. சாப்பாடு வாயில இருந்தாத்தானே ஆளுங்க தல நிமுந்து மேடைய பாப்பாங்க. அவ்ளோதான், வேற ஒன்னும் இல்ல."

ஏழு மாதம் அரிசி மூட்டை, இத்தனை நாள் பின்வாசல், கழுத்தில் விழுந்த மாலை, எல்லாம் தம்புசாமியின் கண் முன்னால் வந்து போயிருக்க வேண்டும். அவருக்கு வெட்கமாக இருந்தது. தாங்கமுடியாத வெட்கம்.

சீதாலெட்சுமி இதில் எதையும் கேட்கவில்லை. சம்பந்தி என்ற சொல் காதில் விழுந்த உடனேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பத்தாவது ஆளைத் தவறவிட்டுவிட்டாள். அதுவும் விஷ்ணுப்ரியாவின் அப்பாவையே. மேசையில் பரப்பியிருந்த 555 புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைக்கத் தொடங்கினாள். விஷ்ணுப்ரியாவின் தாளில் ஒன்பது கோடுகள் இருந்தன.

"அப்புறம் இன்னொன்னு சம்பந்தி," என்றார் லோகன். "முன்னால ஒரு பொம்பள இருந்துச்சே, வாயத் தொறக்க விடாது, டப்புன்னு வெச்சிரும், அத மாத்திட்டீங்களா? நல்ல வேல செஞ்சீங்க. இந்தப் புது அம்மா நல்லாப் பேசுறாங்க. உள்ளத உள்ளபடி சொல்றாங்க, எத்தனாவது வடைன்னு உட்பட. இவங்கள மட்டும் விட்டுறாதீங்கலா."

விஷ்ணுப்ரியா சீதாலெட்சுமியைப் பார்த்தாள், பைக்குள் பாதி போன புத்தகங்களைப் பார்த்தாள், பட்டுப்புடவையைப் பார்த்தாள். பிறகு தொலைபேசியின் பக்கம் குனிந்தாள்.

"சரிப்பா," என்றாள். "பழையவங்கள அனுப்பியாச்சு. இவங்களையே வெச்சுக்குறோம்."

பத்தாவது கோட்டை அவள் போட்டாளா என்று கேட்டால், போடவில்லை. தாளை மடித்து வடைத் தட்டுக்கு அடியில் வைத்தாள், அதில் எண்ணெய் ஊறிவிட்டது. இயந்திரத்தில் பதிவு செய்த குரலை இப்போது கடை மூடிய பிறகு மட்டும் போடுகிறார்கள்.

புதுப் பெயர்ப்பலகை வந்துவிட்டது. தம்புசாமி லோகன் என்று இருக்கிறது, இரண்டும் ஒரே அளவு எழுத்து. தம்புசாமி இப்போது பின்வாசல் பக்கமே போவதில்லை. ஆனால் திருவிழாக் குழுத் தலைவர் பதவியை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை, தேருக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு வேட்டியை மாற்றிக்கொண்டு, முனகிக்கொண்டே அவர் நிஜமாகவே கோயிலுக்குப் போகிறார். லோகனுக்குக் கூப்பிட்டுப் பழகிவிட்டதால் தினமும் சாயங்காலம் கூப்பிடுகிறார். முப்பத்திரண்டாவது புத்தகத்தின் முதல் பக்கத்தில் '204 சம்பந்தி. பேசவிட வேண்டும்.' என்று எழுதியிருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை நான்கரைக்கு 204 வந்தது. சீதாலெட்சுமி எடுத்தாள், முதுகு வலியையும் மூட்டு வலியையும் விசாரித்தாள், அவர் சொல்லி முடிக்கும் வரை இருபது நிமிஷம் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் சம்பந்தியிடம் கொடுக்கச் சொன்னார்.

"மொதலாளி கோயிலுக்குப் போயிருக்காங்க சம்பந்தி," என்றாள்.

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. "ஏம்மா, அந்தப் பழைய பொம்பள போறப்ப ஒனக்கும் சொல்லிக் குடுத்துட்டுப் போயிருச்சா?"

சீதாலெட்சுமி கொஞ்சம் யோசித்தாள்.

"ஆமாங்க," என்றாள். "ஆனா அவங்களும் நல்லவங்கதாங்க, பாவம்."